ஹோம்கமிங் விருந்தும் ஒரு மூட்டை வெள்ளைப்பூடும்

தம்பி,

நீயும் மருமகளும் கொழும்பில் நல்லபடியாக இருப்பதாகப் போனில் சொன்னாய். குரலை வைத்துப் பார்த்தால் உண்மை மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் எதற்கும் ஒரு தடவை எழுத்திலும் கேட்டு வைக்கிறேன். நல்லபடியாகத்தானே இருக்கிறீர்கள்? கோபப்படாதே. உன் அப்பன் தேயிலை ஸ்டோர் கேட்டில் வாச்சராக நின்றே தலை நரைத்தவன். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்து, கம்பளியை உதறிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் 'போயிட்டு வாங்க' என்று சொல்லிப் பழகிய வாய் இது. வேலையிலிருந்து நின்ற பிறகும், யாராவது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தால் அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. இந்த விஷயத்தைப் போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் பாதியில் 'லைன் சரியில்லப்பா' என்று நீ வைத்துவிடுவாய். லைன் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். மருமகளுக்குக் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் உன் இஷ்டம்.

விருந்தைப் பற்றித்தான். நீ அதை ஹோம்கமிங் என்றாய். வரிசை வீடுகளில் குடியிருக்கிற நம் லயத்துச் சனங்களுக்கு அது மாப்பிள்ளை வீட்டு விருந்து. கல்யாணத்தை ஹட்டனில் பெண் வீட்டார் மண்டபம் பிடித்து நடத்திவிட்டார்கள். பதிலுக்கு நாம் அவர்களைக் கூப்பிட்டு ஒரு நேரம் சோறு போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு நீ என்ன சொன்னாய்? 'பொகவந்தலாவைல ஒரு ஹோட்டல் பாத்திருக்கேன்ப்பா. ஒங்களுக்கும் அம்மாவுக்கும் அலைச்சல் இல்ல' என்றாய். என் அலைச்சலைப் பற்றி இவனுக்கு எப்போதிருந்து கவலை வந்தது என்று அன்றைக்கே யோசித்தேன். யாருக்கு அலைச்சல்? புடவைக் கடை வைத்திருக்கிற உன் மாமனார் வீட்டார் நம் லயத்துப் படியேறி, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, நம் அடுப்பில் வெந்த சோற்றைச் சாப்பிட வேண்டுமே, அந்த அலைச்சலா? நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. 'விருந்து நம்ம வாசல்லதான்' என்று மட்டும் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'சரிப்பா, ஒங்க இஷ்டம்' என்றாய். நீ பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

என் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. சம்பந்தம் பேச உன் மாமனார் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தாரே, அன்றைக்கே அது தொடங்கிவிட்டது. இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். உன் அம்மா பக்கத்துக் காம்பராவில் இருக்கிற ராக்கம்மாவிடம் பூப்போட்ட கோப்பைகளை இரவல் வாங்கி வந்து, இஞ்சி தட்டிப் போட்டுப் பால் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். நல்ல மனிதராகத்தான் பேசினார். சீதனப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் கோப்பை உதடு வரைக்கும் போகும், அங்கே ஒரு பேச்சு வந்துவிடும், திரும்ப மடிக்கு இறங்கிவிடும். எழுந்திருக்கும்போது ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் கார் வளைவு திரும்புவதற்குள் நான் போய்ப் பார்த்தேன். ஊற்றிக் கொடுத்தபடியே விளிம்பு வரைக்கும் இருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது. உன் அம்மா, 'சீனி வருத்தக்காரரா இருப்பாருங்க' என்றாள். நீ, 'பேச்சு மும்முரத்துல மறந்திருப்பாருப்பா' என்றாய். கேட்டில் நின்று நான் கேட்காத காரணமா? அந்தத் தேத்தண்ணியை நானே வாசலில் ஊற்றினேன். நாம் பறித்த கொழுந்தைக் குடிக்கிறவர்களுக்கு நம் கோப்பையில் குடிக்க என்ன கஷ்டம்? நம் வீட்டில் வாய் நனைக்கத் தயங்குகிறவர்கள் நாளைக்கு நம் பிள்ளையை எப்படி நடத்துவார்கள்? அவர்கள் வீட்டுக் கல்யாணம் காட்சிக்கு நீ போனால் உன்னை மாப்பிள்ளை என்று உட்கார வைப்பார்களா, லயத்துப் பையன் என்று ஓரமாக நிற்க வைப்பார்களா? என் பயமெல்லாம் அதுதான். அதனால் இந்த விருந்தில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர்கள் நம் வீட்டில் சாப்பிடுவார்களா, மாட்டார்களா?

பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியாது. முந்தி மாதிரி இலையா போடுகிறோம்? தட்டில் லன்ச் சீட் பொலித்தீனை விரித்துப் பரிமாறுகிறோம். சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரத்தில் ஒதுக்கி, பொலித்தீனை நாலு பக்கமும் மடித்துக் குப்பைச் சாக்கில் போட்டுவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்து போனால் யாருக்குத் தெரியும்? எனக்கு இதில் அனுபவம் உண்டு. நீ பிறப்பதற்கு முன்னால் ஸ்டோரில் ஒரு டீமேக்கர் ஐயா இருந்தார். தேயிலை அரைப்பதிலிருந்து காய வைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. கீழ் லயத்தில் ஒரு சடங்கு வீட்டுக்கு வந்து அவர் பந்தியில் உட்கார்ந்தார். 'ஐயா நம்ம வீட்டுல கை நனைச்சுட்டாரு' என்று அந்த வீட்டுக்காரர் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைக்குக் கறியில் வெள்ளைப்பூட்டை அள்ளிப் போட்டிருந்தார்கள். சாப்பிட்டவர்களில் யார் பக்கத்தில் வந்தாலும் பூடு வாசம்தான். நான் அன்று ஸ்டோர் வேலையில் மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போகவில்லை. சாயங்காலம் ஐயா வந்து என் முகத்துக்கு நேரே நின்று பேசினார். சவர்க்கார வாசம் மட்டும்தான் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டுக்காரரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அவர் அந்தப் பெருமையோடே போய்ச் சேர்ந்தார்.

ஆகவே இந்தத் தடவை கண்ணை நம்பாமல் மூக்கை நம்புவது என்று முடிவெடுத்தேன். விருந்தில் எந்தக் கறியைத் தொட்டாலும் அதில் வெள்ளைப்பூடு இருக்க வேண்டும். லேசாக இல்லை, நிறைய. சாப்பிட்டவரும் மறைக்க முடியாது, சாப்பிடாதவரும் மறைக்க முடியாது. வேன் ஏறும்போது ஒவ்வொருவராகக் கைகொடுத்து வழியனுப்பினால் எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் தம்பி. உன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

பொகவந்தலாவைக் கடைவீதியில் போய் மூட்டையாகப் பூடு வேண்டும் என்று கேட்டேன். கடை முதலாளி முதலில் எடுத்துப் போட்டது கப்பலில் வந்த பூடு. வெள்ளை வெளேரென்று, பல் ஒவ்வொன்றும் கட்டை விரல் அளவு. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். உறைப்பும் இல்லை, வாசமும் இல்லை. என் வேலைக்கு அது ஆகாது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக்காரர் யாரோ போட்ட நாட்டுப் பூடு பின்னால் ஒரு சாக்கில் இருந்தது. சின்னப் பல், செம்மண் ஒட்டின தோல், கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுதான் வேண்டும் என்றேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'வீட்டுல யாரும் புள்ள பெத்திருக்காங்களா?' என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பூட்டை வதக்கி வதக்கிக் கொடுப்பதுதானே நம் வழக்கம்? இல்லை, மகன் கல்யாண விருந்துக்கு என்றேன். 'ஓகோ' என்று இழுத்தார். அந்த 'ஓகோ' எனக்குப் பிடிக்கவில்லை. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. மூட்டையோடு நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. ராக்கம்மா நேரே உன் அம்மாவிடம் வந்து, 'மருமக எத்தன மாசம்?' என்று கேட்டிருக்கிறாள். அது எந்த வழியாகவோ கொழும்பு வரைக்கும் வந்து, நீ போனில் என்னிடம் கத்தினாயே, அதற்கெல்லாம் மூலகாரணம் அந்த மூட்டைதான். நான் ஒருவரைச் சந்தேகப்படப் போய், ஒரு பாவமும் அறியாத பெண்ணைத் தோட்டமே சந்தேகப்பட்டது. மருமகளிடம் இதற்காக நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

உன் அம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'எதுக்குங்க இம்புட்டுப் பூடு?' என்றாள். குளிருக்கு நல்லது என்றேன். 'நாம என்ன இன்னைக்கா குளிர்ல இருக்கோம்?' என்று என் முகத்தையே பார்த்தாள். வாச்சரோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தினவளுக்கும் கொஞ்சம் அந்தக் குணம் ஒட்டத்தானே செய்யும்? ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

கொழுந்தெடுத்து வந்த பெண்கள் முகம் கழுவிக்கொண்டு, சின்னக் கத்திகளை எடுத்துக்கொண்டு பூடு உரிக்க வந்தார்கள். நாட்டுப் பூட்டை உரிப்பது லேசான வேலையில்லை. பல்லைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, நுனியைக் கிள்ளி, தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும். கொழுந்தெடுத்து வெடித்திருக்கிற விரல்களில் பூட்டுச் சாறு பட்டால் எரியும். உன் அம்மா தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி நடுவில் வைத்தாள். எல்லோரும் விரலை அதில் தொட்டுத் தொட்டு உரித்தார்கள். நானும் சாக்கை விரித்து அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். காற்றடிக்கும்போதெல்லாம் தோல் பறந்து போய்க் கீழே தேயிலைச் செடிகளின் மேல் விழுந்தது. உதவிக்கு வந்தேன் என்றுதான் சொன்னேன். உண்மையில் யாரும் முந்தானையில் ஒரு பிடி முடிந்துவிடக் கூடாதே என்ற எண்ணமும் இருந்தது. ராக்கம்மா அதைக் கண்டுபிடித்து, 'அண்ணனுக்கு இன்னும் ஸ்டோர்ல இருக்கிற நெனப்பு' என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. விருந்து நாள் வரைக்கும் இதே வேலை. பாய், தலையணை, தலைமுடி, தண்ணீர்க் குடம் எல்லாம் பூடு நாறியது.

உரித்துக்கொண்டிருக்கும்போது உன் பள்ளிக்கூடக் காலம் நினைவுக்கு வந்தது. ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்த புதிதில், உன் அம்மா ரொட்டியும் பூடு வைத்து இடித்த சம்பலும் கட்டிக் கொடுப்பாள். ஒரு நாள் நீ, 'சம்பல் வேணாம்மா, பக்கத்துல உக்கார மாட்டேங்கிறாங்க' என்றாய். யாரடா உட்காராதவன் என்று நான் குதித்தேன். நாளைக்கு இன்னும் கூடப் பூடு வைத்து அனுப்பு, அவன் முகத்துக்கு நேரே இவன் திங்கட்டும் என்று உன் அம்மாவைச் சத்தம் போட்டேன். மறுநாளிலிருந்து உனக்குப் பேக்கரிப் பாணும் சீனியும்தான் போயிற்று என்பதை உன் அம்மா எனக்கு நெடுங்காலம் கழித்துத்தான் சொன்னாள். என் கண்ணுக்குத் தப்பி ஒரு சாப்பாட்டுப் பை தினமும் வெளியே போயிருக்கிறது என்று அப்போது ஆச்சரியப்பட்டேன்.

விருந்தன்று விடியும்போதே கோயில் அண்டாக்களைக் கொண்டுவந்து வாசலில் அடுப்பு மூட்டிவிட்டோம். கவாத்து வெட்டிக் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி நன்றாக எரிந்தது. கோழிக் கறிக்கு இடித்த பூடு. பருப்புக்குத் தாளித்த பூடு. கத்தரிக்காய்க்கு நறுக்கின பூடு. ரசத்துக்குத் தோலோடு தட்டின பூடு. எல்லாவற்றுக்கும் மேலே, முழுப் பூட்டுப் பால்கறி. இரண்டாம் தேங்காய்ப் பாலில் வெந்தயமும் மஞ்சளும் ரம்பை இலையும் போட்டு, உரித்த பூட்டை முழுசு முழுசாகக் கொட்டி, விரலால் அமுக்கினால் மசிகிற பதத்துக்கு வேக விட்டு, கடைசியில் கட்டிப் பாலை ஊற்றி, தேசிக்காய் பிழிந்து இறக்கினேன். வாசம் மேல் லயம் வரைக்கும் போயிற்று. உன் அம்மா பக்கத்தில் வந்து, 'பாயாசத்தயாச்சும் விட்டு வைங்க' என்றாள்.

அவர்கள் வேன் வந்து நின்றது. டிரைவரோடு எல்லோரையும் இறங்கிச் சாப்பிடக் கூப்பிட்டோம். டிரைவர் விரதம் என்று சொல்லி, வெறும் தேத்தண்ணி மட்டும் வாங்கிக் குடித்தார். விரதமா, வேறு எதுவுமா என்று அவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். பந்தி உட்கார்ந்தது. நான் ரச வாளியோடு ஒரு ஓரத்தில் நின்றுகொண்டேன். உன் மாமனார் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். சாப்பிடுகிறாரா, பிசைகிறாரா என்று தெரியவில்லை. உன் மாமியார் அடிக்கொரு தரம் முந்தானையால் வாயை மூடினார். துடைக்கிறாரா, துப்புகிறாரா என்றும் தெரியவில்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போகும்போதெல்லாம் 'போதுங்க சம்பந்தி, போதுங்க' என்று கையைக் குறுக்கே நீட்டினார்கள். வேன் ஜன்னல் வழியாக சீட்டில் ஒரு பை தெரிந்தது. அதில் ஹட்டன் கடைச் சாப்பாடு பார்சல் இருக்கிறது என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது. நீ வெள்ளைச் சட்டையோடு தண்ணீர் ஊற்றினாய், சோறு வைத்தாய், கை கழுவ வழி காட்டினாய், ஓரிடத்தில் நிற்கவில்லை. என் பிள்ளை எவ்வளவு பொறுப்பாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைச் சந்தேகப்பட எனக்கு அன்று நேரமில்லை.

புறப்படுகிற நேரம் மலைக்கு மேலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் திட்டம் போட்டபடி வேன் கதவுப் பக்கம் போய் நின்றேன். உன் மாமனார் என் இரண்டு கையையும் பிடித்து, முகத்துக்கு நேரே, 'ரொம்பச் சந்தோசம் சம்பந்தி' என்றார். நான் மூச்சை ஆழமாக இழுத்தேன். ஒன்றுமில்லை. உன் மாமியார் வந்தார். ஒன்றுமில்லை. மருமகளின் சித்தப்பா என்னைக் கட்டியே பிடித்தார். அவரிடமும் ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் அதே வேனில் ஏறிக்கொண்டீர்கள். வேன் வளைவில் மறைகிற வரைக்கும் நான் கை அசைத்துக்கொண்டுதான் நின்றேன். ஒருவர்கூட, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இவ்வளவு பெரிய அவமானத்தை இவர்களால் எப்படிச் சிரித்த முகத்தோடு செய்ய முடிந்தது என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகை வந்தது.

உன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பூட்டுத் திட்டத்தையும் சேர்த்துத்தான். அவள் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள், உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். 'நீங்க உரிச்ச பூட்டுக்கு ஒங்க மூக்குக்கு இனிப் பொங்கல் வரைக்கும் எதுவும் தெரியாது. ஒங்க கைய மோந்து பாருங்க, அதாச்சும் நாறுதா?' என்றாள். முகர்ந்து பார்த்தேன். கையிலும் ஒரு வாசமும் தெரியவில்லை. அவள் சொன்னது நியாயம்தான் என்று புத்திக்குப் பட்டது, மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீ போனில் 'எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்கப்பா' என்றபோது, எல்லாரும் என்றால் யார், எந்தக் கறி, எத்தனை வாய் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நீ சீக்கிரமாக வைத்துவிட்டாய்.

பிறகு மருமகள் கூப்பிட்டாள். நீ வேலைக்குப் போயிருந்த நேரம். அவள் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும், மனதில் இருப்பது அப்படியே வாயில் வருகிறது. 'மாமா, அந்த வெள்ளப்பூடு பால்கறி எப்பிடி வச்சீங்கன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. அப்பா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம், வீட்டுல வந்து அதே பேச்சு' என்றாள். நான் படியில் உட்கார்ந்தேன். வேனில் இருந்த பையைப் பற்றி நைசாகக் கேட்டேன். வளைவுப் பாதையில் அவள் அம்மாவுக்கு வாந்தி வரும், அதற்காகத் தேசிக்காயும் பொலித்தீன் பையும் வைத்திருந்தார்களாம். அவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள் தம்பி. எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் நிறுத்தவில்லை. 'ஆனா மாமா, வேன்ல வந்த கூத்து இருக்கே. டிரைவர் அண்ணன் அன்னைக்கு விரதமா, கதவ மூடுனதும் அவரால இருக்க முடியல. அந்தக் குளிர்லயும் கண்ணாடிய எறக்கிட்டுத்தான் ஓட்டுனாரு. ஒருத்தர் விடாம நாறுறீங்களே, முன்னுக்கு உக்காந்திருக்கிற மாப்பிள்ள மட்டும்தான் மணக்காம இருக்காருன்னு ஹட்டன் வரைக்கும் ஒரே சிரிப்பு' என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். 'ஏன் மாமா, அவரு பூடு திங்க மாட்டாரா?'

எத்தனையோ பேர் என் முன்னால் நின்று பொய் சொல்லியிருக்கிறார்கள். கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு பொய் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? 'அவனுக்குச் சின்ன வயசுலருந்தே ஒத்துக்காதும்மா' என்றேன். அவளும் நம்பிவிட்டாள். இனிமேல் உனக்குப் பூடு இல்லாமல் தனியாக எடுத்து வைக்கிறேன் என்றாள். ஆகவே நீ அங்கே மாற்றிச் சொல்லி என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அன்றைக்குச் சாப்பிட்டானா என்று கேட்டேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பந்தி முடிகிற நேரத்தில் உனக்கென்று தட்டில் எடுத்து மூடி அடுப்பங்கரையில் வைத்தாளாம், திரும்பத் திரும்ப வந்து கூப்பிட்டாளாம். 'இந்தா வர்றேம்மா' என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாயாம். வேன் போன பிறகு மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள், வைத்தது வைத்தபடி இருந்திருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாது என்று மறுநாள் காலையில் அவளே அதைச் சாப்பிட்டிருக்கிறாள். 'ஓடியாடித் திரிஞ்ச புள்ளைக்கு நேரம் எங்க இருந்துச்சு? விடுங்க' என்றாள். அவள் குரல் விடுகிற மாதிரி இல்லை.

தம்பி, உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். கல்யாணமானவன், புது வாழ்க்கை, அப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொல்கிறேன். மருமகளின் கைப்பையையும் போனையும் திறந்து பார்க்காதே. அவள் கடைக்குப் போய்த் தாமதமாக வந்தால், வந்ததும் மூஞ்சியைப் பார்க்காதே, பையை வாங்கிக்கொள். மனதில் ஏதாவது அரித்தால் அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டுவிடு. உன் மாமனாரிடம் 'ஏங்க தேத்தண்ணிய வச்சுட்டீங்க' என்று நான் அப்போதே கேட்டிருந்தால் இவ்வளவு பூட்டை உரித்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் அவர் ஏன் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அடுத்த தடவை பார்க்கும்போது கேட்கத்தான் போகிறேன். இதையெல்லாம் நான் செய்து காட்டவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். உன் அம்மா கேட்க மாட்டாள், கேட்டால் நீ வருத்தப்படுவாய் என்று பயப்படுகிறாள். ஹட்டன் சனங்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் நம் வாசலில் உட்கார்ந்து நம் சோற்றைத் தின்றுவிட்டுப் போனார்கள். நீ ஏன் சாப்பிடவில்லை? பரிமாறுகிற அவசரத்தில் நேரம் கிடைக்கவில்லையா? புது மனைவி, அவள் வீட்டார், எல்லோரோடும் நெருங்கி உட்கார்ந்து போக வேண்டுமே என்று இருந்ததா? அல்லது, இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், அவர்கள் முன்னால் நம் வீட்டுப் பிள்ளையாக உட்கார்ந்து சாப்பிட உனக்கு வெட்கமாக இருந்ததா? ஹோட்டல் பார்த்தது அதற்காகத்தானா? படுத்தால் தூக்கம் வராமல் இதையேதான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். யார் யாரையோ சந்தேகப்பட்ட காலமெல்லாம் எனக்கு ஒன்றும் வலித்ததில்லை. உன்னைச் சந்தேகப்படுவது வலிக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

எனக்குப் பதில் எழுது. நீளமாக வேண்டாம். நேரம் கிடைக்கவில்லை அப்பா என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் நம்பிக்கொள்கிறேன்.

உன் அப்பா